ஒற்றைக் கதவு கார்

இந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் முதலில் வருகிற கேள்வி, "இது என்ன கம்பெனிங்க?" என்பதுதான். கம்பெனி எதுவும் கிடையாது. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த ஒருவர், ஆனைமலைக்குப் பக்கத்தில் தன் தோப்பு வீட்டில் வைத்து, 1970-களின் தொடக்கத்தில் தானே கட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இது. இரண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது. கதவு ஒன்றுதான், அதுவும் இடது பக்கம். வண்டி இப்போது ரோட்டில் ஓடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் உதிரிபாகம் கடைவதுதான் பிழைப்பு. பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அந்தத் தோப்புக்குப் போனேன். லேத்தின் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தேங்காய் மட்டைக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே, தார்ப்பாய்க்கு வெளியே ஒரு முன்சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஒடித்து நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கோணத்தைப் பார்த்ததுமே அடியில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்கிற பழைய கார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் ஹெரால்டின் முன்சக்கரம்தான் அவ்வளவு தூரம் ஒடியும். 25 அடி அகலத்தில் முழு வட்டம் போட்டுத் திரும்பிவிடும்.

தார்ப்பாயை விலக்கினால், மேலே ஹெரால்டு இல்லை. நீளமான அலுமினிய பானெட், வரிசையாக ரிவெட் அடித்தது. அதன் வலது பக்கத்தில் மட்டும் ஒரு புடைப்பு. இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிடுகிற உடம்பு. பின்பக்கம் உருண்டு இறங்குகிறது. டேஷ்போர்டு ஒற்றைத் தேக்குப் பலகை. மட்டைத் தூசியும் எலிக் கூடும் போக, எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன.

கட்டியவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் மனைவி இருக்கிறார். ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். லேத்தை விட்டுவிட்டு நான் காரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் கண்ணு, அதையுமா எடுத்துக்கறீங்க?" என்றார். இரும்புக் கடைக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்டிருக்கிறார். ஆத்தா கொடுக்கவில்லை. "ஓட்டறதா இருந்தா எடுத்துக்குங்க. பிரிச்சு விக்கறதா இருந்தா வேண்டாமுங்க." இரண்டையும் சேர்த்தே விலை பேசி எடுத்து வந்தேன்.

ஹெரால்டில் ஏன் கட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நம் நாட்டில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே மூன்று கார்கள். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்பது சாமானியர் கைக்கு எட்டாதது. இந்த மூன்றில் ஹெரால்டுக்கு மட்டும் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்குகிற தனி இரும்புச் சட்டம், உண்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி அது. உடம்பை வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. அதுவரை டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். அது அவர்களுடைய நெருக்கடி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதே வண்டியைச் செய்ய ஆரம்பித்ததும், இங்கே கை வேலை தெரிந்தவர்களுக்கு அது வரமாக அமைந்தது. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் சேஸிஸோடு நிற்கும். அதன் மேல் நீங்கள் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

கட்டியவர்களுக்குக் கனவு கொடுத்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பாதை வரும்வரை தெற்கில் பெரிய பந்தயம் என்றால் சோழவரம்தான். ஹெரால்டு, ஃபியட் பாகங்களை வைத்து வீட்டில் கட்டிய வண்டிகள் அங்கே நிறைய ஓடின. நம் ஃபிட்டர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். "திரும்பி வந்தவரு ரெண்டு நாளு பேசவே இல்லீங்க. மூணாம் நாளு திண்ணையில சாக்பீஸுல கார் படம் போட்டுட்டாரு" என்றார் ஆத்தா.

பட்டறைக்கு வந்ததும் முதலில் அளந்தது வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம். ஹெரால்டுக்கு 91.5 அங்குலம். இதில் 84 வந்தது. நடுவில் ஏழரை அங்குலத்தை வெட்டி எடுத்திருக்கிறார்! டிரையம்ஃப் கம்பெனியும் இதே அடித்தளத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதன் வீல்பேஸ் 83. பெரிய கம்பெனியின் வடிவமைப்பாளர்கள் வந்து நின்ற இடத்துக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் இவர் திண்ணைப் படத்திலிருந்தே வந்து நின்றிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெட்டிய இடத்தை நேராக ஒட்டாமல், சாய்வாக வெட்டி, உள்ளே ஒரு பெட்டித் தகட்டைச் செருகி, வெளியேயும் பட்டை வைத்து வெல்டு செய்திருக்கிறார். வெல்டு அழகாக இல்லை. ஆனால் பிடிப்பு முழுசாக இருக்கிறது. ஃபவுண்டரி வார்ப்புகளுக்கு விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். ஒரு கோடுகூட வரவில்லை. பட்டறைப் பையன்கள் அந்த வெல்டைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்றார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்படியே பெயின்ட் அடித்தாயிற்று.

இதுதான் இந்த வேலையின் சிக்கலான பகுதி. கம்பெனி வண்டியைப் புதுப்பிக்கிறவருக்குப் புத்தகம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படிச் செய்தால் சரி. இந்த வண்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் செய்ததுதான் ஒரிஜினல். ரிவெட் வரிசை கோணலாகப் போனால் அந்தக் கோணல்தான் ஒரிஜினல். எதை விடுவது, எதை மாற்றுவது என்பதை ஒவ்வொரு பாகமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு பாகம் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாமல் அதில் கை வைப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

ஒற்றைக் கதவு அப்படித்தான். வலது பக்கம் கதவே இல்லாமல் பக்கவாட்டை மூடிவிட்டார், சரி. ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுகிறவர் தாண்டி ஏறிக்கொள்வார். கதவு வெட்டினால் சேஸிஸுக்கு மேல் இருக்கிற உடம்பு பலவீனமாகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் இடது பக்கம் கதவுக்குக் கீழே மட்டும் கூடுதலாக ஒரு குழாய் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அவ்வளவு தெரிந்தவர் இடது பக்கமும் மூடியிருக்கலாமே? ஆத்தாவிடம் கேட்டேன்.

"சேலை கட்டிட்டு எப்படிங் கண்ணு தாண்டி ஏறறது? எனக்குக் கதவு வெச்சாத்தான் தகட்டைப் புடிப்பேன்னு சொல்லிட்டேன்."

தகடு பிடித்தவர் ஆத்தாதான். புளியமரக் கட்டை மேல் மணல் மூட்டை, அதன் மேல் தகடு. ராத்திரி மில் ஷிப்டு முடிந்து வந்து அவர் மரச் சுத்தியால் தட்டத் தட்ட, ஆத்தா மறுமுனையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பின்பக்க வளைவுகளை உட்புறமாகத் தடவினால் சுத்தியின் ஒவ்வொரு அடியும் விரலுக்குத் தெரிகிறது. சின்னச் சின்னக் குழிகள், ஒழுங்கான வரிசையில், ஒன்றின் ஓரத்தில் அடுத்தது. வெளிப்புறத்தில் பட்டி வைக்காமல் ஈயப்பற்று போட்டு அரத்தால் சமன் செய்திருக்கிறார். துருப்பிடித்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்தோம். ஈயம் அப்படியே இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது மேலே மங்கிய பச்சை, அதற்குக் கீழே கிரீம் நிறம், அதற்கும் கீழே காவி பிரைமர் என்று வந்தது. பச்சைதான் கடைசி வரை இருந்த நிறம் என்று ஆத்தா சொன்னதால் பச்சையே அடித்தோம். இன்றைக்கு எல்லோரும் அடிக்கிற பளபள பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் வேண்டாம் என்று பழையபடி டூகோ என்கிற லாக்கர் வகையில் அடித்து, கையால் பாலிஷ் போட்டோம். அந்தக் காலத்து வண்டிக்கு அந்த மென்மையான மினுப்புதான் பொருந்துகிறது. சீட்டுக்குள் இருந்தது பொள்ளாச்சித் தென்னை நார். அதையும் புது நார் வாங்கியே நிரப்பினோம், ஸ்பாஞ்ச் வைக்கவில்லை.

பிரேக்கில் மட்டும் பழமை பார்க்கவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதற்கு ஒரே ஹைட்ராலிக் லைன். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். வீல் சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் போட்டு, குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் வருகிற மாஸ்டர் சிலிண்டர் வைத்துவிட்டேன். அவர் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

இனி சொல்லப்போவது ஹெரால்டு வைத்திருக்கிற எல்லோருக்கும். முன்சக்கரத்தைத் தாங்குகிற நிற்கும் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். இதுதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. இதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆனால் நிப்பிள் மாட்டுகிற துளை இருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து கட்டியாகும், மரையின் அடிவரை போகாது. அடியில் தண்ணீர் நின்று, தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, ஒரு நாள் வளைவில் படக்கென்று ஒடியும். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

நம் ஃபிட்டர் இதற்கு என்ன செய்திருக்கிறார் தெரியுமா? இரண்டு பக்கமும் பித்தளையில் ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணம் கடைந்து, மேலே எட்டுகிற இடத்தில் பொருத்தி, அங்கிருந்து டிரன்னியனுக்கு மெல்லிய செப்புக் குழாய் கொண்டு போயிருக்கிறார். சக்கரத்தோடு சேர்ந்து குழாயும் அசைய வேண்டுமே, அதற்காகக் குழாயை நடுவில் சுருளாகச் சுற்றிவிட்டிருக்கிறார். மில்லில் ஓயாமல் சுழலுகிற யந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு வாழ்ந்த கை அது. பானெட்டைத் திறந்து, கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டால் வேலை முடிந்தது. வலது பக்கத்தைக் கழற்றினேன். அத்தனை வருடம் நின்ற வண்டியில் மரை எண்ணெய்ப் பசையோடு, விளிம்பு மழுங்காமல், இன்றைக்கு வெட்டியது போல இருந்தது. இடது பக்கத்தில் செப்புக் குழாய் ஒடிந்துவிட்டிருந்தது. அங்கே மரையின் அடிப்பாகம் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. ஒரே வண்டி, ஒரே மட்டைக் குவியல், ஒரே மழை. எண்ணெய் போனதும் போகாததும்தான் வித்தியாசம்.

வெண்கலக் கட்டையை நானே கடைந்தேன். இடது மரை வெட்டுவது லேத்காரனுக்குப் பெரிய விஷயமில்லை. தண்டு அப்படி இல்லை, அது ஃபோர்ஜிங், சூடாக்கி அடித்து உருவாக்கியது. ரவுண்டு ராடு ஒன்றைக் கடைந்து அந்த இடத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போட மாட்டேன். சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, நல்ல மரையோடு இருந்த பழைய தண்டை எடுத்து, அதற்கும் சிவப்புச் சாயச் சோதனை செய்த பிறகுதான் மாட்டினேன்.

எஞ்சின் 948 சி.சி. போர் (சிலிண்டரின் விட்டம்) 63 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்கிற தூரம்) 76. எளிமையான, சொன்ன பேச்சைக் கேட்கிற எஞ்சின். இதற்கு ஒரு பழக்கமான நோய் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற பிறைவடிவ வாஷர்கள், கடைசி மெயின் பேரிங்கில் இருக்கும். அவை தேய்ந்தால் நழுவி, எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைத்துத் தின்றுவிடும். கிளட்சை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் முன்னால் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் வந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். நாலு தௌ முதல் எட்டு தௌ வரை இருக்கலாம் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எங்களுக்குப் பதினொன்று காட்டியது. தடிமனான வாஷர் போட்டு ஐந்துக்குக் கொண்டுவந்தோம்.

பானெட்டின் வலது புடைப்புக்குக் காரணம் அதற்கு அடியில் இருக்கிறது: பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், அம்பாசடரில் வந்த வகை. அவற்றை மாட்டுவதற்கான அலுமினிய மேனிஃபோல்டை அவரே வார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார். வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மர மாதிரி, அதாவது பேட்டர்ன், தோப்பு வீட்டு உத்தரத்தில் இன்றைக்கும் தொங்குகிறது. அலுமினியம் ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்ன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு போலப் பெரிதாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தேன், அப்படியே இருந்தது.

இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போக வைப்பது தனி வித்தை. ஒரு முழம் ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடிக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று இழுக்கிற சத்தம் கேட்கும். அதே இடத்தில், அதே தூரத்தில், இரண்டாவதில் பிடிக்க வேண்டும். இரண்டு சத்தமும் ஒரே சுருதியில் வரும்வரை ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்துப்போன கணத்தில் எஞ்சினின் நடுக்கம் நின்று, வண்டி முழுவதும் அடங்கி ஓடத் தொடங்கியது. மீட்டர் வைத்தும் இதைச் செய்யலாம். காதில் செய்தால்தான் எனக்குத் திருப்தி. இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைச் சற்று இறக்கி, கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரும்படி வைத்திருக்கிறேன்.

பின்பக்கம் வரும்போது அவருடைய கைவேலையின் உச்சத்தைப் பார்த்தேன். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை போகிற பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில் இரண்டு பேருமாகப் போனபோது ஒரு வளைவில் வண்டி அப்படி எழும்பியிருக்கிறது. "இறங்கி ஓரமா நின்னு ரொம்ப நேரம் சக்கரத்தையே பாத்துட்டு இருந்தாருங்க" என்றார் ஆத்தா. வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார். பிறகு சக்கரம் ஓர் அளவுக்கு மேல் கீழே தொங்காதபடி ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வார் கட்டியிருக்கிறார். என்ன வார் என்று பார்த்தால், மில்லில் யந்திரம் ஓட்டுகிற தட்டை பெல்ட். மேலும் கீழும் செப்பு ரிவெட். பந்தய வண்டிகளில் இதே காரணத்துக்காக இதே போல வார் போடுவது உண்டு. புதுப் பெல்ட் வாங்கி அதே அகலத்தில், அதே செப்பு ரிவெட்டில் கட்டினேன். வால்பாறைப் பாதையில் ஓட்டியும் பார்த்தாயிற்று. வண்டி தரையை விட்டுக்கொடுக்கவே இல்லை.

காகித வேலைதான் இன்னும் முடியவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றுதான் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதியில், 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாறியே பிறந்த வண்டிக்கு அதில் இடமில்லை. வீட்டில் கட்டிய பழைய வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். இவை நம் ஊர்ப் பட்டறைகளின் சரித்திரம். விதியில் இடம் இல்லாததாலேயே எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒன்று. இந்த வண்டியை ஓட்டிக்கொண்டே ஒருமுறை சோழவரத்துக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேருமாக. பந்தயத்தில் சேரவில்லை, வெளியே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் வண்டியைச் சுற்றிக் கூட்டமாம், நிறையப் பேர் படம் எடுத்தார்களாம். ஒரு படம்கூட ஆத்தா கைக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் 1970-களில் சோழவரத்தில் எடுத்த படங்கள் இருந்தால், பந்தய வண்டிகளோடு பின்னால் நிற்கிற வண்டிகளையும் கொஞ்சம் பாருங்கள். பச்சை நிறம், கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அடர்ந்த சாம்பலாகத் தெரியும். கூரை இல்லை. பானெட்டின் வலது பக்கத்தில் மட்டும் புடைப்பு, இடது பக்கம் மட்டும் கதவு. பக்கத்தில் கொசுவம் வைத்துச் சேலை கட்டிய ஓர் அம்மாவும் நிற்கலாம். இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள்; ஆத்தாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.